முப்பத்தாறு மாதத்துக்கு ஒருமுறை

எனக்குப் பல்லி பயமில்லை, பேய் பயமில்லை, எங்கள் தெரு நாய்கள்கூடப் பயமில்லை. தேதிகளைக் கண்டால்தான் பயம். ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்தப் பணம் எந்தத் தேதியில் போக வேண்டும் என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். நான் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று எதையாவது விட்டுவிட்டோமா என்று நின்றுகொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். லாரி டிரைவர். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போவார். சாயங்காலம் கிளம்பினால் விடிவதற்குள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார். இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆரியங்காவு ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்த இன்னொரு வாழைத்தார் லாரிக்காரர்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்கு வந்தார். பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வண்ணார்பேட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு உண்டு. கீழே ஒரு வீடு, மாடியில் இரண்டு அறை. கீழ் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு நாங்கள் மாடிக்கு ஏறினோம். ஒத்தி என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாத வாடகை என்று ஒன்றும் கிடையாது. வருகிறவர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் குடியிருப்பார்கள். காலி செய்கிற அன்று அதே தொகையை நாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் யாரும் தன் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பழைய ஆள் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றும்போதே புது ஆள் பணத்தோடு வந்து நிற்பார். இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போகும். வீட்டுச் சொந்தக்காரர் நடுவில் நின்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஐந்து லட்சம் கிடைத்தது. கொடுத்தவள் ஒரு நர்ஸ், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். அவள் கொடுத்த பணம் மூன்று நாள்கூட என் கையில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டினேன், ஆள் பிழைத்து வந்தார். அந்த ஐந்து லட்சம் என் மனதில் கடனாகப் பதியவே இல்லை. எங்கிருந்தோ வந்த பணம், உயிரைக் கொடுத்துவிட்டுப் போன பணம் என்றே பதிந்துவிட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. முகத்தில் களை வந்தது. அப்போதுதான் அவருடைய பழைய முதலாளியிடமிருந்து போன் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி அவர். நல்ல மனிதர்தான். ஆள் கிடைக்கவில்லை, ராத்திரி ஓட்டத்துக்கு மறுபடியும் வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவர் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, நான் வண்டி ஏறாட்டா நமக்கு எத்தனை மாசம் தள்ளும்?" என்று கேட்டார்.

அந்த ஏற்றம், அந்த இருட்டு, பக்கத்தில் யாருமில்லாத கேபின். ஒரு வாரம் பொறுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் போட்டதுதான் அந்த எக்செல் கணக்கு. பள்ளிக்கூடத்தில் நான் போடுகிற கணக்கெல்லாம் நடந்து முடிந்தவற்றின் கணக்கு. நடக்கப்போவதற்கு நான் கணக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. மேலே வரிசையாக மாதங்கள், ஐந்து வருஷத்துக்கு அறுபது கட்டம். இடது பக்கம் வரவும் செலவும். சில செலவு மாதாமாதம் வரும்: பால், அரிசி, மாத்திரை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இன்சூரன்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவளுக்கு ஃபீஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இவருக்கு ஸ்கேனும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் கையால் எண் அடித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு சூத்திரம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்த மாதம் ஆரம்பம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு தொகை. ஆரம்ப மாதத்திலிருந்து எத்தனை மாதம் கடந்தது என்று அது எண்ணும். அதை இடைவெளியால் வகுக்கும். மீதி சைபர் என்றால் தொகையைப் போடும், இல்லையென்றால் சைபர் போடும். முதல் கட்டத்தில் எழுதி, அதன் மூலையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தால் அறுபது மாதமும் தானாக நிரம்பிவிடும்.

முதல் தடவை இழுத்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை மறைக்கவில்லை. ஐந்து வருஷத்துக் கரண்ட் பில்லும் ஒன்று விட்டு ஒன்றாக வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று ஒரு வரி. சைபருக்கு மேலே நின்றால் பச்சை, கீழே போனால் சிவப்பு என்று நிறம் போட்டு வைத்தேன்.

ஒத்தியையும் எழுதினேன். வரவுப் பக்கத்தில் எழுதினேன். ஆரம்பம், நர்ஸ் குடிவந்து மூன்று வருஷம் முடிகிற ஏப்ரல். இடைவெளி முப்பத்தாறு. தொகை ஐந்து லட்சம்.

செலவுப் பக்கத்தில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டுகிற டெபாசிட் பணத்தை, இது நம் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று தனிப் பக்கத்தில் எழுதி வைப்பவள் நான். புதிதாக வந்த பெண் ஒருத்தி அதை வரவில் சேர்த்துவிட்டாள் என்று ஒரு தடவை அவளை அழ வைத்திருக்கிறேன். வீட்டுக் கணக்கில் அதையே நான் செய்தேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திப் பணம் வரும் என்றுதான் எங்கள் தெருவே பேசும். போகும் என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அடி வரி மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, ஏப்ரலுக்கு முந்தைய மாதம் சைபருக்குப் பக்கத்தில் நின்றது. ஏப்ரலில் ஐந்து லட்சம் ஏறியது. அப்புறம் கடைசி வரை ஒரே பச்சை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்குச் சூத்திரமெல்லாம் தெரியாது. அடி வரியின் நிறத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வலது பக்கம் போனார். கடைசிக் கட்டம் வந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவார். நான் அந்த மாதத்துக் கணக்கை ஏற்றுவேன். அவர் அடி வரியைப் பார்ப்பார், பச்சைதான் என்பார், எழுந்து போய்விடுவார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போன பிறகு, கீழ் வீட்டு நர்ஸ் ஒரு ஜனவரியில் மாடிக்கு வந்தாள். கையில் கேக் துண்டுகள் வைத்த ஒரு தட்டு. கொஞ்ச நேரம் அது இது பேசிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஏப்ரலோட மூணு வருஷம் முடியுதுல்லா. ஈஸ்டர் கழிஞ்சதும் ஊருல எங்க வீட்டுக்குக் காங்கிரீட்டு போடுதோம். பணத்தைக் கொஞ்சம் பாத்து வச்சிக்கிடுங்க."

முறைப்படி மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்கிறாள். அதில் ஒரு குற்றமும் இல்லை. சரிம்மா என்று சிரித்தேன். அவள் படியிறங்கிப் போன பிறகும் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நல்லவேளை, இவர் அப்போது ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். லேப்டாப்பைத் திறந்தேன். செலவுப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். ஒத்தி திருப்பிக் கொடுப்பது, ஆரம்பம் அதே ஏப்ரல், இடைவெளி முப்பத்தாறு, தொகை ஐந்து லட்சம். மூலையைப் பிடித்து இழுத்தேன்.

ஏப்ரலிலிருந்து பச்சை அத்தனையும் போனது. புது ஆள் ஐந்து லட்சத்தோடு வந்தாலும் வந்தது அப்படியே போய்விடும், அடுத்த மாதமே சிவப்புதான். புது ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று வரவு வரியைச் சைபராக்கிப் பார்த்தேன். கழித்தல் குறி போட்டு ஐந்து லட்சத்துச் சொச்சம், கடைசிக் கட்டம் வரைக்கும் கூடிக்கொண்டே போனது. பயந்துபோனேன். கடனை நினைத்து வந்த பயம் இல்லை அது. இதைப் பார்த்தால் அவர் மறுவார்த்தை பேச மாட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அந்த ஏற்றத்தில் ஓரம் கட்ட வேண்டி வந்தால் பின்னால் யார் வருவார்கள்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பழைய பச்சைக் கணக்கை நகலெடுத்து, அடி வரியில் இருந்த சூத்திரங்களை எல்லாம் அழித்துவிட்டு, அந்த எண்களை வெறும் எண்களாக அங்கே ஒட்டினேன். சூத்திரம் இருக்கிற இடத்தில் கையால் எண் போடுகிறவர்களை நான் ஆபீசில் திட்டாத நாளில்லை. இப்போது நானே போட்டேன். நிஜக் கணக்கை ஸ்கூல் வவுச்சர் என்று பெயர் வைத்து வேறு இடத்தில் ஒளித்தேன்.

அப்புறம் புது ஆள் தேடும் படலம். வீட்டுத் தரகரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். எங்கள் குறுகலான முடுக்குக்குள் கார் வராது. ஐந்து லட்சம் வைத்திருப்பவர்கள் கார் நிற்க இடம் கேட்கிறார்கள். வந்து பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் மூன்று லட்சம் என்றால் சரி என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்று தரகரோடு பேசுவேன். வீட்டில் போன் அடித்தால் ஓடிப்போய் நானே எடுப்பேன். இவர் படியேறி வருகிற சத்தத்தை எண்ணுவேன், பதினேழு படி, நடுவில் நின்றால் உயிர் போய்விடும். அவர் நின்று மணிபிளான்ட் இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு தப்பித்தேன். அவர் பார்த்தார், பச்சைதான் என்றார், எழுந்து போனார். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மனிதரை இத்தனை வருஷத்தில் நான் ஏமாற்றியதே இல்லை.

மார்ச் முதல் ஞாயிறு. வந்து உட்கார்ந்தவர் சந்தோஷமாக இருந்தார். அந்த வாரம் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். மாதம் இரண்டாயிரத்து முந்நூறு ஆகிக்கொண்டிருந்தது, இனிமேல் ஆயிரத்து எண்ணூறுதான். அதை மாற்று, நான் பார்க்கிறேன் என்றார். நான் யோசிக்காமல் மாற்றிவிட்டேன். மாத்திரை வரி முழுவதும் ஒரே நொடியில் ஆயிரத்து எண்ணூறு ஆகியது. அவர் விரல் அடி வரிக்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடி வரி அப்படியே இருந்தது. மூடியைச் சாத்தப் போனேன். அவர் கையை வைத்துத் தடுத்தார்.

"மாசம் ஐநூறு குறைஞ்சிருக்குல்லா. பெறகு கீழ ஏன் ஒண்ணுமே கூடல?"

கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடியிருக்காது.

"டீசல் முள்ளு அசையாம நின்னா டேங்கு நெறஞ்சிருக்குன்னு அர்த்தமில்ல. மீட்டரு செத்துப் போச்சுன்னு அர்த்தம். நெசமானத எடு."

எடுத்தேன். ஸ்கூல் வவுச்சர் என்ற பெயரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. ஏப்ரலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு சிவப்பாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பொத்தானுக்கு நடுவில் தெரிந்த தையல் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்குவது சீராக இருக்கிறதா என்று பார்த்தேன். கடவுளே, இந்த மனிதருக்கு இப்போது ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நீங்கள் மறுபடியும் ராத்திரி வண்டி ஏறிவிடுவீர்களோ என்று பயந்துதான் செய்தேன் என்று அழுதேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"இதுல நான் எந்த வரியில இருக்கேன்?"

அவரே தேடினார். மாத்திரை, ஸ்கேன், டாக்டர் ஃபீஸ். மூன்றுமே செலவுப் பக்கம். இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டுக்கு வரவாக இருந்தவர். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். பைபாஸ் ரோட்டுப் பஸ் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போதே கிளம்பிவிடுவாரோ என்று அவர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன்.

அவர் கிளம்பவில்லை. மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டு என் எதிரிலேயே பேசினார். ராத்திரி ஓட்டம் வேண்டாம், கேரளா வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் நம் ஊர் மார்க்கெட்டுக்கும் பகலில் ஓடுகிற குட்டியானை என்கிற சின்ன வண்டியைக் கொடுங்கள், தார் ஏற்ற இறக்க வேறு ஆள் போடுங்கள், முன்பணமாக இரண்டு லட்சம் வேண்டும் என்றார். சம்பளம் பதினாலாயிரம், அதில் மாதம் ஐயாயிரம் பிடித்துக்கொள்வதாக அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். மூன்று லட்சம் சொன்னவரையும் வரச் சொல்லிவிட்டோம். டாக்டரைப் பார்க்கப் போனோம். முடியாது என்று டாக்டர் சொல்லிவிட வேண்டும் என்று நெல்லையப்பரைக் கும்பிட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டால் மீதி இரண்டு லட்சத்துக்கு எங்கே போவது என்று உடனே மாற்றியும் கும்பிட்டேன். பகலில், பாரம் தூக்காமல், இவ்வளவு தூரத்துக்கு என்றால் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு எந்தச் சாமி எதைக் கேட்டது என்று தெரியவில்லை.

ஏப்ரலில் கீழ் வீட்டுப் பெண்ணின் கையில் ஐந்து லட்சத்தையும் எண்ணிக் கொடுத்தோம். அவள் எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு, வீடு முடிந்ததும் வர வேண்டும் என்றாள். அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

அவர் வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு. இட்லி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஒட்டி வைத்திருந்த நகலை அவர் முன்னாலேயே அழித்தேன். நிஜக் கணக்கில் வரவுப் பக்கம் புது வரி ஒன்று சேர்த்தேன். அவர் சம்பளம். பிடித்தம் போக ஒன்பதாயிரம், ஆரம்பம் இந்த மாதம், இடைவெளி ஒன்று. முதல் கட்டத்தில் சூத்திரம் உட்கார்ந்தது. மூலையைப் பிடித்தேன், இழுக்க முடியவில்லை. கரண்ட் பில்லை இழுத்திருக்கிறேன், இன்சூரன்ஸை இழுத்திருக்கிறேன். இதை எத்தனை மாதத்துக்கு இழுப்பது? ஆறு மாதமா, ஒரு வருஷமா? நான் எங்கே விடுகிறேனோ அதுவரைக்கும்தான் இந்த மனிதர் என்று ஆகிவிடுமோ என்று இருந்தது. மூன்று நான்கு கட்டம் தள்ளி விட்டுவிட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கீழே மாத்திரை வரியில் விரலை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டே கடைசி வரைக்கும் போனார்.

"மாத்திரைய மட்டும் கடைசி கட்டம் வரைக்கும் இழுத்து வச்சிருக்க. அதுவரைக்கும் நான் இருப்பேன்னுதான போட்டிருக்க? சம்பளத்தையும் அதுவரைக்கும் இழு."

மறுபடியும் மூலையைப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எங்கே போகிறது என்று சரியாகத் தெரியவில்லை. பைய இழு, பைய இழு என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அடி வரி ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் கழித்து வருகிற ஏப்ரலில் மறுபடியும் சிவப்பு தொடங்கியது, மூன்று லட்சம் திருப்பிக் கொடுக்க வேண்டிய மாதம். புது ஆள் வருவார் என்று இந்தத் தடவை நான் வரவில் எழுதவில்லை. அங்கே ஒரு நொடி நின்றேன். அதைத் தாண்டி, கடைசிக் கட்டம் வரைக்கும் இழுத்தேன்.